ஹிஜா என்று எழுதினார் மத்தா: பழைய கிரேக்க இன்பியல் நாடகத்தில் பாட்டும் பாசாங்கும்

பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் அபூ பிஷ்ர் மத்தா இப்னு யூனுஸ் என்றொரு தர்க்கவியல் அறிஞர் இருந்தார். நஸ்ரானி. அரிஸ்டோட்டிலின் 'கவிதையியல்' அரபு மொழிக்கு வந்தது அவருடைய கையால்தான். அதுவும் கிரேக்கத்திலிருந்து நேராக அல்ல, சிரியாக் மொழி வழியாக. அந்த நூலில் இரண்டு சொற்கள் அவரைப் போட்டு வாட்டியிருக்க வேண்டும். ஒன்று 'திராகோதியா', மற்றது 'கொமோதியா'. இன்று நாங்கள் துன்பியல் நாடகம், இன்பியல் நாடகம் என்று லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். மத்தாவைச் சுற்றி அப்படியொரு மேடை இருக்கவில்லை. அவருக்குத் தெரிந்தது அரபுக் கவிதை. அதில் ஒருவரைப் புகழ்ந்து பாடுவது மதீஹ், இகழ்ந்து பாடுவது ஹிஜா. முதற்சொல்லுக்கு மதீஹ் என்றும் இரண்டாவதற்கு ஹிஜா என்றும் எழுதினார்.

அல் ஃபாராபியும் இப்னு ஸீனாவும் கிரேக்கச் சொற்களையே அரபு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். குர்துபாவின் இப்னு ருஷ்து (1126–1198) தன்னுடைய உரையில் மத்தாவின் சொற்களையே எடுத்தாண்டார். பிற்காலத்து ஐரோப்பியர் இதைப் பெரிய பகிடியாக்கினார்கள். ஆர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் 1947இல் இதை வைத்தே ஒரு சிறுகதை எழுதினார். அந்தக் கதையில் இப்னு ருஷ்து இரண்டு சொற்களுக்கும் பொருள் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே சிறுவர்கள் விளையாடுகிறார்கள். ஒருவன் முஅத்தின்; அவனைத் தோளில் தாங்கி அசையாமல் நிற்பவன் மினாரா; மண்ணில் மண்டியிட்டவன் ஜமாஅத். எல்லோருக்கும் முஅத்தினாக வேண்டும் என்றுதான் ஆசை, மினாராவாக நிற்க ஒருவனுக்கும் விருப்பமில்லை. தேடிய பொருள் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது, அறிஞருக்கோ விளங்கவில்லை.

அழகான கதைதான். ஆனால் மத்தா அவ்வளவு பிழைவிட்டாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இன்பியல் நாடகத்தின் வேரைத் தேடும்போது அரிஸ்டோட்டிலே வசைப்பாடல்களைத்தான் காட்டுகிறார். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்து மேடையில் நடந்தவற்றைப் பார்த்தால், ஆட்களைப் பெயர் சொல்லித் திட்டுவது அதில் ஒரு பெரும் பங்கு. தொல்காப்பியர் செம்பொருள் அங்கதம் என்று சொல்வாரே, மறைக்காமல் வெளிப்படையாக வைவது, அந்த வகை. மத்தாவின் சொல் இந்தப் பாதியைப் பிடித்துவிட்டது. விடுபட்டது மற்றப் பாதி: அந்த வசை பாட்டாக வந்தது, ஆட்டமாக வந்தது, 'இது வெறும் வேடம்' என்று தன்னைத்தானே காட்டிக் கொடுத்துக்கொண்டு வந்தது.

எங்கட தமிழ் வாசகருக்குக் கிரேக்கத் துன்பியல் ஓரளவு பழக்கம். நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகளுக்கு ஈடிபஸ் மன்னனின் கதை தெரியும். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய கலாநிதிப் பட்ட ஆய்வைப் பேர்மிங்ஹாமில் செய்தபோது, அவருக்கு வழிகாட்டியவர் ஈஸ்கிலஸ் பற்றி நூலெழுதிய ஜோர்ஜ் தொம்சன். அப்படி ஒரு தொடர்பும் எங்களுக்கு உண்டு. இன்பியலுக்கு வந்தால் மட்டும் பாடநூல் இரண்டு பந்தியோடு கையைக் கழுவிவிடுகிறது. அதில் வரும் தூஷண வார்த்தைகளும் ஒரு காரணமாக இருக்கலாம். அவை ஏராளம், மறைக்கத் தேவையில்லை. நான் அவற்றைக் கடந்து போகிறேன்.

ஏதென்ஸ் நகரத்தில் டயோனிசஸ் என்ற அவர்களுடைய தெய்வத்தின் பெயரால் ஆண்டுக்கு இரண்டு விழாக்களில் நாடகப் போட்டி நடந்தது. குளிர்காலத்தில் வருவது லெனாயா. கடல் கொந்தளிப்பாக இருக்கும், வெளியூர்க்காரர் குறைவு. இளவேனிலில் வருவது நகரப் பெருவிழா. நேச நாட்டுத் தூதர்களெல்லாம் வந்திருப்பார்கள். இந்த வேறுபாடு பிறகு தேவைப்படும். நாடகக்காரர் பரிசுக்குப் போட்டி போட்டார்கள், நடுவர்கள் இருந்தார்கள். இந்தப் பழைய இன்பியலில் முழு நாடகமாக எங்கள் கைக்கு வந்திருப்பது அரிஸ்டோபேனிஸ் என்ற ஒருவருடையது மட்டும். நாற்பது அளவில் எழுதியவர், 11 மிஞ்சியிருக்கின்றன.

நடிகர்கள் எல்லோரும் ஆண்கள், எல்லோருக்கும் முகமூடி. வயிறும் பின்பக்கமும் பஞ்சு வைத்துப் பெருப்பிக்கப்பட்டிருக்கும். அவர்களோடு 24 பேர் கொண்ட கோரஸ். துன்பியலில் கோரஸ் 12 பேர், பிறகு 15. இன்பியலில் கூட்டம் பெரிது, சத்தமும் பெரிது. குளவிகளாக வருவார்கள், பறவைகளாக வருவார்கள், மேகங்களாகக் கூட வருவார்கள்.

இவர்களோடு ஒரே ஒரு வாத்தியக்காரர். அவர் ஊதுவது அவுலோஸ். தமிழில் எழுதுகிறவர்கள் இதைப் புல்லாங்குழல் என்று எழுதிவிடுகிறார்கள், அது பிழை. அவுலோஸ் சீவாளி வைத்து ஊதும் வாத்தியம். ஒலியில் நாதஸ்வரத்துக்குத்தான் உறவு. அதுவும் ஒன்றல்ல, இரண்டு குழல்களை ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுவார்கள்.

இந்த ஊதுகுழலை வைத்துத்தான் நாடகத்தின் ஓட்டத்தையே பிரித்துப் பார்க்கலாம். குழல் சும்மா இருந்தால் நடிகர்கள் பேசுகிறார்கள். அயாம்பிக் என்ற, பேச்சுக்குக் கிட்டிய யாப்பில். குழல் ஊத, நீண்ட அடிகளில் இழுத்து ஓதுவது இரண்டாவது நிலை. பேச்சும் இல்லை, முழுப் பாட்டும் இல்லை. பைத் ஓதக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நடுநிலையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மூன்றாவது முழுப் பாட்டு, ஆட்டத்தோடு. நாடகத்தின் மெட்டு ஒன்றுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. துன்பியலிலாவது யூரிப்பிடிஸின் 'ஒரெஸ்டிஸ்' நாடகப் பாட்டொன்றின் சில அடிகள் சுரக்குறியோடு ஒரு பாப்பிரஸ் துண்டில் தப்பியிருக்கின்றன. அரிஸ்டோபேனிஸுக்கு அதுவும் இல்லை. ஆனாலும் யாப்பு மாறும் இடத்தைப் பார்த்து, இந்த இடத்தில் குழல் தொடங்கியது, இந்த இடத்தில் நின்றது என்று அறிஞர்களால் சொல்ல முடிகிறது. யாப்பிலக்கணம் எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

பாட்டுக்கும் பாசாங்குக்கும் உள்ள உறவு நன்றாகத் தெரிவது 'பராபாசிஸ்' என்ற பகுதியில். நாடகத்தின் நடுவில் நடிகர்கள் எல்லோரும் உள்ளே போய்விடுவார்கள். மேடை வெறுமை. கோரஸ் முன்னுக்கு வந்து, சபையோரைப் பார்த்து நேராகப் பேசும். நடந்துகொண்டிருந்த கதையை அப்படியே விட்டுவிடும். "எங்கட கவிஞர் உங்களுக்கு எவ்வளவு செய்திருக்கிறார், நீங்கள் அவருக்குப் பரிசு கொடுக்காமல் விடலாமா?" என்ற மாதிரியில் போகும். சில நேரம் கவிஞரே 'நான்' என்று பேசுவார், கோரஸின் வாயால். இந்த ஓதலின் முடிவில் மூச்சுவிடாமல் ஒரே இழுப்பில் சொல்ல வேண்டிய ஒரு துண்டு வரும். அதற்குக் கிரேக்கத்தில் 'மூச்சுமுட்டி' என்று பொருள்படும் பெயர். பிறகு பாட்டு, பிறகு ஓதல், மறுபடி அதே அளவில் பாட்டு, அதே அளவில் ஓதல். பாட்டில் தெய்வங்களைக் கூப்பிடுவார்கள், ஓதலில் ஊர்க்காரரைத் திட்டுவார்கள். முடிந்ததும் ஒன்றுமே நடக்காததுபோல் கதை தொடரும்.

வகுப்பில் இதை விளங்கப்படுத்தியபோது ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், அவங்க வசனத்த மறந்துட்டாங்களா?"

நல்ல கேள்வி. மறந்தது போலத்தான் இருக்கும். கி.மு. 414இல் மேடையேறிய 'பறவைகள்' நாடகத்தில் கோரஸ் சபையோரிடம் இறக்கையின் நன்மைகளை எடுத்துச் சொல்கிறது. உங்களுக்கு மட்டும் இறக்கை இருந்தால், துன்பியல் நாடகம் பார்த்துப் பசியும் சலிப்பும் வந்ததும் பறந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, எங்கள் நாடகம் தொடங்கும்போது திரும்பி வந்து இருக்கையில் அமரலாமே என்று. பறவை பேசுகிறதா, நடிகன் பேசுகிறானா, போட்டிக்கு வந்த கவிஞர் பேசுகிறாரா? மூன்று பேரும்தான். அதே நாடகத்தில் இராக்குயில் வந்து இசைக்க வேண்டிய கட்டம் உண்டு. அங்கே குயிலின் வேடம் போட்டு வருவது வேறு யாருமல்ல, இவ்வளவு நேரமும் ஓரத்தில் நின்று ஊதிக்கொண்டிருந்த குழல்காரர்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். கதைக்கு வெளியே நின்ற இசை கதைக்குள் பறந்து வந்துவிட்டது.

பராபாசிஸ் வெறும் தற்பெருமைக்கு மட்டும் பயன்பட்டதென்று நினைக்கக் கூடாது. கி.மு. 424இல் 'குதிரை வீரர்' நாடகத்தில் அரிஸ்டோபேனிஸ் தனக்கு முந்திய கவிஞர்களின் வரலாற்றைச் சொல்கிறார். அதில் கிரட்டினஸ் என்ற மூத்த கவிஞரைப் பற்றி ஒரு போடு. ஒரு காலத்தில் வெள்ளமாய்ப் பாய்ந்தவர், இப்போது நரம்பு தளர்ந்த யாழ்போல் தாகத்தோடு அலைகிறார், பாவம் என்று இரங்குவதுபோல இரங்கி, குடிகாரக் கிழவனென்று சொல்லிப்போட்டார். அவருக்கு அப்போது இருபதுகளின் ஆரம்ப வயது. கிழவர் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டு 'சாராயக் குடுவை' என்றொரு நாடகத்தோடு வந்தார். அதில் கதாநாயகன் கிரட்டினஸ் தான். அவருடைய மனைவியின் பெயர் கொமோதியா, அதாவது இன்பியல் நாடகமே பெண்ணாக வந்து நிற்கிறது. புருஷன் என்னைக் கவனிப்பதில்லை, குடியோடுதான் குடித்தனம் நடத்துகிறார், பிரிந்து போகப் போகிறேன் என்று முறையிடுகிறாள். தன்மீது எறியப்பட்ட கல்லை எடுத்துத் தன் வீட்டுக்கு அத்திவாரம் போட்டுவிட்டார் மனிதர். கி.மு. 423இன் முதற்பரிசு அவருக்கு. அந்தப் போட்டியில் மூன்றாவதாக, அதாவது கடைசியாக வந்தது அரிஸ்டோபேனிஸின் 'மேகங்கள்'. 'சாராயக் குடுவை' முழுதாகக் கிடைக்கவில்லை, சில துண்டுகளும் கதைக் குறிப்பும் மட்டும்தான். எனக்கு ஒரு கிரேக்க நாடகம் மீண்டும் கிடைக்க வேண்டும் என்றால் அதையே கேட்பேன்.

மேடை தன்னை மேடை என்று காட்டிக் கொடுக்கும் தந்திரங்கள் பராபாசிஸுக்கு வெளியேயும் நிறைய. 'சமாதானம்' (கி.மு. 421) நாடகத்தில் டிரிகாயஸ் என்ற விவசாயி, போர் முடியவில்லை என்ற கோபத்தில், தெய்வங்களிடமே நியாயம் கேட்கச் சாணி வண்டொன்றில் ஏறி வானுலகம் போகிறான். துன்பியலில் தெய்வங்களை இறக்குவதற்கென்று ஒரு பாரந்தூக்கி இருந்தது. வண்டு தொங்குவது அதில்தான். யூரிப்பிடிஸின் நாடகமொன்றில் பெலரோபோன் என்ற வீரன் சிறகுக் குதிரையில் பறந்ததை நக்கல் செய்யும் காட்சி இது. நடு ஆகாயத்தில் டிரிகாயஸுக்குப் பயம் பிடிக்கிறது. உடனே வீரவசனத்தை விட்டுவிட்டு, பாரந்தூக்கியை இயக்கும் ஆளைக் கூப்பிட்டு, 'கவனமாகப் பார்த்து இழு' என்று கெஞ்சுகிறான்.

'தவளைகள்' (கி.மு. 405) நாடகத்தில் டயோனிசஸே ஒரு கோமாளியாக வருகிறான். நாடகம் தொடங்குவதே, அடிமை தன் எசமானிடம், சபை எப்போதும் சிரிக்கும் அந்தப் பழைய பகிடிகளில் ஒன்றைச் சொல்லட்டுமா என்று அனுமதி கேட்பதோடுதான். எசமான் வேண்டாம் என்கிறான், அது வேண்டாம், இது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுக்கிறான். தடுக்கிற சாட்டில் பகிடியெல்லாம் சொல்லியாகிவிட்டது! பிறகு பாதாளத்தில் ஒரு பூதத்தைக் கண்டு நடுங்கியதும், சபையின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் டயோனிசஸின் பூசகரை நோக்கி, காப்பாற்று என்று அவரிடமே அடைக்கலம் கேட்கிறான்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது 'அக்கார்னியர்' (கி.மு. 425). இதன் பின்னணியைச் சொல்ல வேண்டும். முந்திய ஆண்டு நகரப் பெருவிழாவில், வெளியூர்த் தூதர்கள் முன்னிலையில், அரிஸ்டோபேனிஸின் 'பாபிலோனியர்' மேடையேறியது. அந்நியருக்கு முன்னால் நாட்டை அவமதித்தார் என்று, அப்போதைய அரசியல் பிரமுகர் கிளியோன் விடயத்தை ஆலோசனைச் சபைக்குக் கொண்டுபோனார். 'அக்கார்னியர்' அதற்கான பதில்.

கதாநாயகன் டிக்கயோப்பொலிஸ் ஸ்பார்ட்டாவோடு தனக்கு மட்டும் தனியாகச் சமாதானம் செய்துகொண்டவன். கரி சுடும் கிழவர்களின் கோரஸ் அவனைத் துரோகி என்று கல்லெறிய வருகிறது. எதிரிக்காகவும் பேச வேண்டும், உயிரும் தப்ப வேண்டும். அவன் என்ன செய்கிறான்? யூரிப்பிடிஸின் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். கவிஞருக்கு இறங்கி வர நேரமில்லையாம். வீட்டுக்குள் நடப்பதைக் காட்டுவதற்குத் துன்பியலில் பயன்படும் சக்கரப் பலகையில் அவரை வெளியே உருட்டிக்கொண்டு வருகிறார்கள். சுற்றிலும் அவருடைய நாடகங்களில் வந்த பிச்சைக்கார நாயகர்களின் கந்தல்கள். அவற்றில் டெலிஃபஸ் என்பவனின் கந்தலைக் கேட்டு வாங்குகிறான். பிறகு தொப்பி, கைத்தடி, கூடை, கோப்பை என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டே போகிறான். கடைசியில் யூரிப்பிடிஸ் அலுத்துப்போய், என் நாடகம் முழுவதையுமே கொண்டுபோகிறாயே என்று புலம்புகிறார்.

வேடத்தைப் போட்டுக்கொண்டு அவன் சொல்லும் விளக்கம் கவனிக்க வேண்டியது. நான் யார் என்பது சபையோருக்குத் தெரிய வேண்டும். கோரஸ்காரர் மட்டும் விளங்காமல் முட்டாள்களாக நிற்க வேண்டும் என்கிறான். நாடகம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பிறகு தலையை வெட்டுக்கட்டையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குகிறான். பேச்சின் நடுவில் குரல் மாறுகிறது. போன வருடம் கிளியோன் என்னை இழுத்தடித்தார். இம்முறை அவர் குறை சொல்ல முடியாது, இது லெனாயா, அந்நியர் வரவில்லை, நாங்கள் மட்டும்தான் இருக்கிறோம் என்கிறான். இந்த 'நான்' யார்? விவசாயியை கிளியோன் சபைக்கு இழுக்கவில்லையே. விவசாயியின் முகமூடிக்கு மேல் பிச்சைக்காரனின் கந்தல், அதற்கு அடியில் கவிஞரின் குரல். போர்க்காலத்தில், ஸ்பார்ட்டாக்காரன் பக்கத்திலும் நியாயம் இருக்கலாம் என்ற பேச்சு இத்தனை உறைக்குள் மடித்து வைத்துத்தான் வெளியே வந்தது. முதற்பரிசும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு 'குதிரை வீரர்' நாடகத்தில் உறை இன்னும் மெல்லியது. கிளியோன் ஒரு களவாணி அடிமையாக வருகிறார். இந்த முகமூடி அவரைப்போல இல்லை, பயத்தில் எந்தச் சிற்பியும் செய்து தர முன்வரவில்லை, ஆனாலும் நீங்கள் புத்திசாலிகள், கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று சபைக்குச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கும் முதற்பரிசு. சில வாரங்களில் அதே மக்கள் கிளியோனைத் தளபதியாகத் தெரிவு செய்தார்கள். சிரிப்பு வேறு, வாக்கு வேறு. எங்களுக்கு இது புதிதில்லை.

பாட்டைப் பாட்டாலேயே விமர்சிப்பது 'தவளைகள்' நாடகத்தின் விசேஷம். ஈஸ்கிலஸ் எப்போதோ இறந்துவிட்டார். யூரிப்பிடிஸும் சோபோக்கிளிஸும் கி.மு. 406ஐ அண்டிக் காலமானார்கள். ஏதென்ஸ் 26 ஆண்டுகளாகப் போரில். நல்ல கவிஞர் ஒருவரும் மிஞ்சவில்லை என்று, ஒருவரைத் திருப்பிக் கொண்டுவர டயோனிசஸ் பாதாளம் போகிறான். வழியில் படகை அவனே வலிக்க வேண்டும். தவளைகள் ஒரு தாளத்தில் கத்திப் பாட, துடுப்பு அந்தத் தாளத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் தடுமாறுகிறது. கடைசியில் அவன் தவளைகளின் சத்தத்தையே பிடுங்கித் தானும் கத்தி அவற்றை வாயடைக்கிறான். அர்த்தமில்லாத பாட்டுப் போட்டி. ஆனால் பின்னால் வரப்போகும் பெரிய போட்டியின் குட்டி வடிவம் அது.

பாதாளத்தில் ஈஸ்கிலஸும் யூரிப்பிடிஸும் மோதுகிறார்கள். யூரிப்பிடிஸ் தன் நாடகங்களின் தொடக்க அடிகளைப் பெருமையோடு சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றின் நடுவிலும் ஈஸ்கிலஸ் புகுந்து, அந்த நாயகன் தன் எண்ணெய்க் குப்பியைத் தொலைத்துவிட்டான் என்று முடித்துவைக்கிறார். யாப்பும் பொருந்துகிறது, இலக்கணமும் பொருந்துகிறது. இவர் நாடகங்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பதற்கு இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? யூரிப்பிடிஸ் பதிலுக்கு, ஈஸ்கிலஸின் பாட்டுகளைக் கோத்து, இடையிடையே யாழ் நரம்பின் சத்தத்தை வாயால் போட்டு, எல்லாம் ஒரே மெட்டு என்று காட்டுகிறார்.

அதற்கு ஈஸ்கிலஸ் தரும் மறுமொழி கிரேக்க மேடையின் மிகச் சிறந்த கேலிப் பாட்டு என்று நினைக்கிறேன். யாழ் எதற்கு, இவருடைய பாட்டுக்கு ஓட்டுச் சில்லுகளைத் தட்டுகிறவள் போதும் என்று ஒருத்தியைக் கூப்பிட்டுவிட்டு, யூரிப்பிடிஸ் பாணியில் ஒரு பெண்ணின் தனிப்பாடலைப் பாடுகிறார். இருள், கெட்ட கனவு, கண்ணீர், தெய்வங்களே என்ற ஓலம், ஓர் எழுத்தைப் பல சுரத்தில் இழுக்கும் அலங்காரம், சொல்லை இரண்டு தரம் சொல்லும் பழக்கம் எல்லாம் அப்படியே. இவ்வளவும் எதற்காக? பக்கத்து வீட்டுக்காரி அவளுடைய சேவலைத் திருடிக்கொண்டு போய்விட்டாள். மெட்டு கிடைக்காமலே எங்களுக்குச் சிரிப்பு வருகிறதென்றால், அந்த மெட்டுகள் காதில் இருந்த சபைக்கு எப்படி இருந்திருக்கும்! இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கேலி செய்யும் அளவுக்கு ஒருவரின் பாட்டைப் பாட வேண்டுமானால், அதை முழுவதும் காதலித்திருக்க வேண்டும். யூரிப்பிடிஸை அரிஸ்டோபேனிஸ் அளவுக்கு உன்னிப்பாகக் கேட்டவர் இன்னொருவர் இல்லை.

'தவளைகள்' பராபாசிஸ் விளையாட்டல்ல. கி.மு. 411இல் சிலர் கூடி மக்களாட்சியைக் கவிழ்த்தார்கள். அது சில மாதங்களில் முடிந்தது. அதில் இழுபட்ட பலர் குடியுரிமை இழந்து ஊருக்குள் அரை மனிதராக இருந்தார்கள். கடற்போரில் துடுப்பு வலித்த அடிமைகளுக்கு உரிமை கொடுத்தீர்கள், அது சரியே. உங்களோடு பல போரில் நின்ற சொந்த மனிதரை ஒரு பிழைக்காக ஒதுக்கி வைத்திருப்பது நியாயமா என்று கோரஸ் கேட்கிறது. நல்ல பழைய நாணயத்தை ஒளித்துவிட்டு, நேற்று அடித்த செப்புக் காசைப் புழங்குகிறீர்கள். மனிதர் விடயத்திலும் அப்படித்தான் என்கிறது. முதற்பரிசு மட்டுமல்ல, இந்தப் பராபாசிஸுக்காகவே நாடகத்தை இரண்டாந்தரம் மேடையேற்றினார்கள் என்று பழைய குறிப்பு உண்டு. அந்த ஆண்டு கப்பற்படை அழிந்த பிறகு, உரிமை இழந்தோருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கும் தீர்மானம் நிறைவேறியது. கி.மு. 404இல் ஏதென்ஸ் சரணடைந்தது. கோரஸின் பேச்சுக்கும் தீர்மானத்துக்கும் எவ்வளவு தொடர்பு என்பது வாதத்துக்குரியது. ஆனால் மன்னிப்புப் பற்றிய பேச்சு முதலில் தவளைப் பாட்டுக்குப் பக்கத்தில்தான் ஒலித்தது.

இதுவரை நான் இந்தப் பாசாங்கைப் புகழ்ந்துகொண்டே வந்தேன். மறுபக்கமும் உண்டு. கடைசி இடம் பெற்ற 'மேகங்கள்' நாடகத்தில் சோக்கிரட்டீஸ் ஒரு கூடையில் தொங்கிக்கொண்டு, காற்றில் நடந்து சூரியனை ஆராய்வதாகச் சொல்கிறார். காசு வாங்கிக்கொண்டு, பொய்யை மெய்யாக்கும் வாதத்தைக் கற்றுக் கொடுக்கிறார். மேகங்கள் கோரஸாக வருகின்றன. மேடைக்கு வருமுன்பே, கண்ணுக்குத் தெரியாத தூரத்திலிருந்து அவை பாடிக்கொண்டு வரும் பாட்டு, அரிஸ்டோபேனிஸ் எழுதியவற்றில் மிக அழகானவற்றுள் ஒன்று. கடைசியில் சோக்கிரட்டீஸின் பள்ளிக்கூடத்துக்கு நெருப்பு வைக்கிறார்கள். தோல்வி தாங்காமல் கவிஞர் நாடகத்தைத் திருத்தினார். எங்களிடம் இருப்பது அந்தத் திருத்திய பிரதி. அதில் பராபாசிஸ் சபையையே கண்டிக்கிறது: இவ்வளவு கெட்டித்தனமான நாடகத்தைத் தோற்கடித்தீர்களே என்று. அந்தப் பிரதி மேடையேறவே இல்லை.

24 ஆண்டுகள் கழித்து, கி.மு. 399இல் சோக்கிரட்டீஸ் நீதிமன்றத்தில் நிற்கிறார். பிளேட்டோ எழுதிய 'வாதுரை'யின்படி, இன்று என்மீது குற்றஞ்சாட்டுகிறவர்களைவிட எனக்குப் பயம் பழைய குற்றச்சாட்டாளர்களில்தான் என்கிறார் அவர். நீங்கள் சிறுவர்களாக இருந்தபோதே உங்கள் மனதில் பதிந்தவர்கள் அவர்கள். பெயர் சொல்ல முடியாது, ஒரு நாடகக்காரரைத் தவிர என்கிறார். அரிஸ்டோபேனிஸின் நாடகத்தில் காற்றில் நடப்பதாகச் சொல்லித் தொங்கும் ஒரு சோக்கிரட்டீஸை நீங்களே பார்த்திருக்கிறீர்களே என்று நினைவூட்டுகிறார். அதே பிளேட்டோ 'விருந்து' என்ற நூலில் இருவரையும் ஒரே விருந்தில் கூட்டாளிகளாக உட்கார வைத்திருப்பதும் உண்மை. நாடகம்தான் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது வேடம் என்று ஆயிரம் தரம் கண்ணைக் காட்டினாலும், வேடம் கலைந்த பிறகு முகமூடியின் முகம் ஆளின் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. வெட்டுக்கட்டையில் தலை வைத்துப் பேசியவனைப் பாதுகாத்த அந்தப் பாசாங்கு, கூடையில் தொங்கவிடப்பட்டவரைப் பாதுகாக்கவில்லை.

பதினாறு வயதில், பாடசாலைக் கலைவிழாவுக்கு நாங்களும் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டோம். ஊரில் பழைய சாமான் வாங்கித் திரிந்த ஒரு மனிதரின் நடையையும் கூவலையும் அப்படியே பாட்டாக்கினேன். சபை விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் வந்திருந்தார், சிரித்தார். பாட்டின் முதற்சொல் அவருடைய பட்டப்பெயராகி, மௌத்தான அறிவித்தலின்போதும் சிலருக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆளை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. ஹிஜா என்று மத்தா எழுதிய சொல்லைப் படிக்கும் நேரமெல்லாம் எனக்கு அந்த மைய்யித்து வீடு ஞாபகம் வரும்.

தோல்விக்குப் பிறகு ஏதென்ஸில் கோரஸின் குரல் மெல்ல அடங்கியது. கி.மு. 388இல் வந்த 'செல்வம்' நாடகத்தில் பராபாசிஸ் இல்லை. கையெழுத்துப் பிரதிகளில் சில இடங்களில் 'கோரஸின்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கிறது. அதாவது, இங்கே கோரஸ் வந்து எதையாவது ஆடிப் பாடும், அதைக் கவிஞர் எழுதித் தரத் தேவையில்லை. பணமில்லாமையா, ரசனை மாறியதா, அரசியல் பேச மனமில்லாமற் போனதா என்று அறிஞர்கள் ஒவ்வொரு காரணம் சொல்கிறார்கள். நான் மூன்றையும் சேர்த்தே நினைக்கிறேன்.

கி.மு. 316இல் மெனாண்டரின் 'சிடுமூஞ்சி' வருகிறது. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸிலிருந்து 1958இல்தான் அது முழுதாக வெளிச்சத்துக்கு வந்தது. குடும்பக் கதை, காதல், கலியாணம். அரசியல் பிரமுகரின் பெயர் சொல்லித் திட்டுவது போய்விட்டது. அங்கங்களுக்கு இடையில் அதே ஒற்றைச் சொல், பாட்டு இல்லை. ஆனால் நாடகத்தின் கடைசிக் காட்சியில் இவ்வளவு நேரம் மௌனமாயிருந்த குழல் திடீரென்று ஊதத் தொடங்குகிறது. சமையற்காரனும் அடிமையும் சேர்ந்து சிடுமூஞ்சிக் கிழவனை வெளியே தூக்கிவந்து, ஆட வரச்சொல்லி வதைக்கப் போகும் நேரம். கேட்டாஸ் என்ற அந்த அடிமை குழல்காரர் பக்கம் திரும்பி, என்ன பிடித்தது உனக்கு, எனக்கு இன்னும் நேரமில்லை, கொஞ்சம் பொறு என்கிறான்.